மலைப்பாதையில் ஆம்புலன்ஸும் ஆஸ்பத்திரியும் பேசிக்கொள்ள எது சரி: செல்போனா, வயர்லெஸ்ஸா, சாட்டிலைட் போனா?

இரண்டு பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியின், அதாவது படுகர் கிராமத்தின், இளைஞர் மன்றத்தைச் சேர்ந்தவர். ஊரில் வசூல் செய்து பழைய வேன் ஒன்றை ஆம்புலன்ஸாக மாற்றியிருக்கிறார்கள். மற்றவர் பந்தலூர் தாலுகாவில் ஓர் எஸ்டேட் ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்பவர். அவரிடம் மூன்று வண்டிகள் இருக்கின்றன. வண்டியில் இருக்கும் ஆள் ஆஸ்பத்திரியோடு பேச செல்போன் போதுமா, வயர்லெஸ் வைக்க வேண்டுமா, விலை கொடுத்து சாட்டிலைட் போன் வாங்கலாமா என்பதுதான் இருவரின் குழப்பமும்.

நான் நீலகிரியில் ஒன்பது வருடம் ஆம்புலன்ஸில் இஎம்டியாக, அதாவது நோயாளிக்கு முதலுதவி செய்யும் ஆளாக இருந்தவன். பதில் சொல்வதற்கு முன் ஓர் இரவைச் சொல்லிவிடுகிறேன். என் பதில் முழுவதும் அந்த இரவிலிருந்து வந்ததுதான்.

எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டிலிருந்து ஒரு பெண்ணை ஏற்றினோம். பிரசவம் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியும் ரத்தப்போக்கு நிற்கவில்லை. குன்னூரிலிருந்து கீழே இறங்கும்போதே ரத்தம் ஏற்பாடு செய்யச் சொல்லி, போக வேண்டிய ஆஸ்பத்திரிக்கு போன் செய்தேன். சிக்னல் நன்றாக இருந்தது. மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். பர்லியார் தாண்டியதும் சிக்னலும் போய்விட்டது. போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஸ்ட்ரெச்சர்கூட இல்லை. ரத்தம் வர மேலும் முக்கால் மணி நேரம் ஆனது. அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். மறுநாள் விசாரித்தபோதுதான் தெரிந்தது, எங்களுக்குக் கொடுத்திருந்த எண் நிர்வாக அலுவலகத்தின் எண். மாலை 5 மணிக்கு அந்த அறையைப் பூட்டிவிடுவார்கள். பூட்டிய அறைக்குள் போன் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

அதனால் எந்தக் கருவி வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் எதிர்முனையைப் பற்றித்தான் பேசுவேன்.

## எதை வைத்து எடைபோடுவது?

முதலாவது, அந்தப் பக்கம் எடுக்கும் ஆள். இரவு 2 மணிக்கு அந்தச் செட்டோ போனோ யார் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்? அவசரப் பிரிவான கேஷுவாலிட்டியில் இருக்கும் சிஸ்டரின் மேசையிலா, வேறு எங்காவதா?

இரண்டாவது, உங்கள் வழி. மாவட்டம் முழுக்க சிக்னல் எப்படி என்பது உங்களுக்குத் தேவையில்லை. உங்கள் வண்டி போகும் அந்த 30, 50 கிலோமீட்டரில் எங்கெங்கே பேச்சு அறுபடுகிறது என்பதுதான் தேவை.

மூன்றாவது, மழை நாள். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பக்கம் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் மின்சாரம் போகும். டவரின் பேட்டரி சில மணி நேரம் தாங்கும், அப்புறம் டீசல் கொண்டுபோக ரோடு இருக்காது. அன்றைக்கு உங்கள் கருவி பேசுமா?

நான்காவது, பேச்சு இரு பக்கமும் போக வேண்டும். நாம் தகவல் சொல்வது பாதி வேலை. "அந்த ஊசியை இப்போதே போடுங்கள்" என்று டாக்டர் சொல்வதைக் கேட்க முடிய வேண்டும், முடிந்தால் இசிஜி-யையும் அனுப்ப முடிய வேண்டும்.

பணமும் உரிமமும் கடைசி. அவற்றில் மறைந்திருக்கும் செலவுகளை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## ரேடியோ சேனல் என்ற யோசனை எங்கிருந்து வந்தது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் மலையில் இன்று செய்ய வேண்டியதற்கும் அமெரிக்காவில் அன்று செய்ததற்கும் தொடர்பு இருக்கிறது.

1967-இல் மயாமியில் யூஜின் நேகல் என்ற டாக்டர், தீயணைப்புப் படை வண்டியிலிருந்து நோயாளியின் இசிஜி-யை ரேடியோ வழியாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் காட்டினார். வண்டியில் இருப்பவர் டாக்டர் இல்லை. ஆனால் டாக்டர் அங்கிருந்து இசிஜி-யைப் பார்த்து உத்தரவு கொடுத்தால் அவர் மருந்து போடலாம் என்ற ஏற்பாடு அப்படித்தான் காலூன்றியது. அதாவது ரேடியோ அங்கே வெறும் தகவல் சொல்லும் கருவியாக இல்லை. சிகிச்சைக்கான அனுமதியே அதன் வழியாகத்தான் வந்தது.

அதற்கும் முன்பே 155.340 மெகாஹெர்ட்ஸில் 'ஹியர்' என்று ஓர் ஏற்பாடு அங்கே பரவியிருந்தது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஓர் எண். வண்டியிலிருந்து அந்த எண்ணைச் சுழற்றினால் அந்த ஆஸ்பத்திரியின் செட் மட்டும் ஒலிக்கும். நாள் முழுக்க மற்றவர்களின் பேச்சு இரைந்துகொண்டிருந்தால் சிஸ்டர் செட்டின் சத்தத்தைக் குறைத்து வைத்துவிடுவார். அவருக்கான அழைப்பு வரும்போது மட்டும் மணி அடித்தால்தான் எடுப்பார். இது எளிய விஷயம்தான், ஆனால் உயிர் அதில் இருக்கிறது.

1974-இல் அந்த நாட்டு அரசு உயர் அதிர்வெண் கொண்ட யுஎச்எஃப் அலைவரிசையில் மருத்துவத்துக்கென்றே 10 சேனல்களை ஒதுக்கியது. 'மெட் 1' முதல் 'மெட் 10' வரை பெயர். மெட் 1 என்றால் ஆஸ்பத்திரிப் பக்கம் 463.000 மெகாஹெர்ட்ஸில் பேசும், வண்டி 468.000-இல் பேசும். இரண்டுக்கும் தனித்தனி அலைவரிசை இருப்பதால், தகுந்த செட் இருந்தால் போனில் பேசுவதுபோல இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம். பல ஊர்களில் வண்டி முதலில் மெட் 9 அல்லது 10-இல் ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிடும். அவர் காலியாக உள்ள ஒரு சேனலைக் கொடுத்து, போக வேண்டிய ஆஸ்பத்திரியோடு இணைத்துவிடுவார். நடுவில் உட்கார்ந்து இணைப்புக் கொடுக்கும் இந்த ஆளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பந்தலூர்க்காரருக்கான பதிலில் அவர் மறுபடி வருவார்.

நம் தமிழ்நாட்டில் 108 சேவை 2008-இல் தொடங்கும்போதே செல்போன் காலம் வந்துவிட்டது. சென்னைக் கட்டுப்பாட்டு மையமும் வண்டியில் உள்ள பைலட்டும் (டிரைவரை அப்படித்தான் சொல்வோம்) இஎம்டி-யும் போனில்தான் பேசிக்கொள்கிறார்கள். மையத்தில் இருக்கும் டாக்டரிடம் இஎம்டி ஆலோசனையும் கேட்கலாம். சமவெளியில் அது போதும். இங்கே நடுவில் மலை நிற்கிறது.

## செல்போன்

எல்லோரிடமும் இருக்கிறது, தனியாக உரிமம் வேண்டாம். இசிஜி-யைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நேகல் பெரிய கருவிகளை வைத்துச் செய்தது ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. மாரடைப்பு கேஸில் இதற்கு ஈடான வேறு வழி இல்லை. ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைத் தயாராக எடுத்து வைக்க ஆஸ்பத்திரிக்கு அந்த ஒரு படம் போதும். டாக்டர் சொல்வதும் தெளிவாகக் கேட்கும். நோயாளியின் பேரைச் சொன்னாலும் அடுத்தவர் காதில் விழாது.

அறுபடுவது வளைவுகளில்தான். இங்கே பல எஸ்டேட்களில் ஒரே ஒரு நிறுவனத்தின் சிக்னல் மட்டும்தான் எட்டும், அடுத்த முகட்டில் வேறொரு நிறுவனம். எனவே ஒரு வண்டிக்கு இரண்டு சிம், இரண்டும் வேறு வேறு நிறுவனமாக இருக்க வேண்டும். இதில் மறைந்திருக்கும் செலவு அந்த இரண்டாவது ரீசார்ஜ். பாதிப் பேர் அதை மறந்துவிட்டு, தேவைப்படும் இரவில் செயலிழந்த சிம்மோடு நிற்பார்கள்.

இன்னொரு பொறி, கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் 'சிக்னல் பூஸ்டர்'. தனியார் அதை வாங்கி மாட்டுவது இந்தியாவில் சட்டப்படி குற்றம். அக்கம்பக்கத்து டவரின் சிக்னலையும் அது கெடுக்கும். வாங்காதீர்கள்.

பேச முடியாத இடத்திலும் சில நேரம் எஸ்எம்எஸ் போய்விடும். அதற்கு மிகக் குறைந்த சிக்னல் போதும். உடனே போகாவிட்டாலும் அடுத்த வளைவில் சிக்னல் தொட்டதும் மறுபடி அனுப்பிக்கொள்ளலாம். வயது, பிரச்சினை, பிபி, வந்துசேரும் நேரம் என்று நான்கு கட்டங்களோடு ஒரு எஸ்எம்எஸ்ஸை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் எண்களை மட்டும் நிரப்பி அனுப்பலாம். நான் இதை ஐந்தாவது வருடத்தில்தான் கற்றுக்கொண்டேன். முதல் வருடமே யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

எப்போது இதுவே சரி: ஒன்றிரண்டு வண்டிகள், பெரும்பாலும் டவுன்களை ஒட்டிய ரோடு, போகும் ஆஸ்பத்திரிகளும் ஒன்றோ இரண்டோதான் என்றால்.

## போனில் ஓடும் வாக்கிடாக்கி

பொத்தானை அமுக்கினால் குழுவில் உள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் குரல் போகும் ஆப்கள் இவை. மணி அடித்து யாராவது எடுக்கக் காத்திருக்க வேண்டாம், அது பெரிய வசதி. வண்டி எங்கே வருகிறது என்பதையும் மேப்பில் பார்க்கலாம்.

ஆனால் இதுவும் அதே டவரை நம்பித்தான் ஓடுகிறது. அதிலும் டேட்டா வேண்டும். சாதாரண அழைப்பு இழுத்துப் பிடித்துக்கொண்டு போகும் இடத்தில் இது முதலில் ஊமையாகிவிடும். மாதச் சந்தாவும் உண்டு. ஊட்டி, குன்னூர் டவுனுக்குள் நாலைந்து வண்டி ஓட்டுகிறவர்களுக்குப் பொருந்தும். இரண்டு பேரின் கேள்விக்கும் இது பதிலில்லை, அதனால் மேலே போகிறேன்.

## விஎச்எஃப் வயர்லெஸ்

போலீஸ்காரர்கள் 'மைக்' என்று சொல்வது இதைத்தான். முதுமலையில் வனத்துறையினர் கையில் பார்த்திருப்பீர்கள். டவர் விழுந்தாலும் நெட்வொர்க் நிறுவனம் கைவிட்டாலும் 12 வோல்ட் பேட்டரி இருக்கும்வரை பேசும். மூடுபனி இதற்கு ஒரு பொருட்டே இல்லை. யுஎச்எஃப்-ஐவிட அதிர்வெண் குறைந்த இந்த விஎச்எஃப் மரங்களுக்குள் கொஞ்சம் நன்றாக ஊடுருவும், சோலைக்காட்டுக்கும் தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக்குக்கும் அது நல்லது.

மலை குறுக்கே நின்றால் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. அதற்குத்தான் ரிப்பீட்டர். உயரமான இடத்தில் இருந்துகொண்டு ஓர் அலைவரிசையில் கேட்டு, அதே நொடியில் இன்னோர் அலைவரிசையில் கூடுதல் சக்தியோடு திரும்பச் சொல்லும் பெட்டி அது. எல்லோரும் உடனே "தொட்டபெட்டாவில் வைத்துவிடலாம்" என்பார்கள். 2,637 மீட்டர் உயரம், கணக்குப்படி அங்கிருந்து ரேடியோ அலை 200 கிலோமீட்டருக்கு மேல் போகும். கோயம்புத்தூர்ச் சமவெளி தெரியும், சரி. ஆனால் மலை விளிம்புக்கு நேர் கீழே வளைந்து இறங்கும் மலைப்பாதையான காட் ரோடு அதன் கண்ணில் படாது. மாடியின் நடுவில் நிற்கிறவருக்குத் தெருக்கோடி தெரியும், சுவரோரம் நிற்கும் ஆள் தெரியமாட்டார், அதுபோலத்தான். பர்லியார், கல்லார்ப் பள்ளத்தைப் பார்க்க வேண்டுமானால் டால்பின்ஸ் நோஸ் பக்கம்போல விளிம்பில் ஓர் இடம் வேண்டும். கூடலூர், பந்தலூரோ மேற்கே வேறொரு கிண்ணத்தில் கிடக்கின்றன. அவற்றுக்குத் தனி இடம் தேவை. உயரத்தைப் பார்க்காமல், உங்கள் ரோட்டைப் பார்க்கும் இடம் எது என்று தேடுங்கள்.

இதன் மறைந்த செலவுகள்தான் அதிகம். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவில் அலைவரிசையும் உரிமமும் வாங்க வேண்டும், வருடாவருடம் கட்டணம் கட்ட வேண்டும், அனுமதி வர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். ரிப்பீட்டர் இருக்கும் இடத்துக்கு சோலார், பேட்டரி, இடிதாங்கி வேண்டும். குரங்கு கேபிளைக் கடிக்கும், யானை வேலியைச் சாய்க்கும். மழைக்காலத்தில் அங்கே ஏறிப்போக ஆள் வேண்டும். பேட்டரியை மாற்ற பணம் ஒதுக்காமல், மூன்றாம் வருடம் ஊமையாகிப்போன ரிப்பீட்டரை நான் பார்த்திருக்கிறேன்.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் செட்டை உரிமம் இல்லாமல் வாங்கி ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது குற்றம் என்பதோடு, காவல்துறையின் பேச்சுக்குக் குறுக்கே நீங்கள் போய் நிற்கும் ஆபத்தும் இருக்கிறது. உரிமம் தேவைப்படாத 446 மெகாஹெர்ட்ஸ் சிறு செட்கள் உண்டு. அவற்றின் சக்தி மிகக் குறைவு, ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் பேச மட்டும் உதவும்.

அனலாக் வாங்குவதா, டிஜிட்டலா என்றும் கேட்பார்கள். அனலாக்கில் சிக்னல் குறையக் குறைய இரைச்சல் கூடும், ஆனாலும் "ரத்தம்", "அரை மணி" என்ற சொற்கள் காதுக்கு வந்துவிடும். டிஜிட்டலில் கடைசிவரை தெளிவாக இருந்துவிட்டுச் சட்டென்று ஒன்றுமே இல்லாமல் போகும். அனலாக்கிலும் பேசக்கூடிய டிஜிட்டல் செட் வாங்கி, காட் ரோட்டில் அனலாக்கில் வைத்துக்கொள்வதையே நான் விரும்புவேன். ஒன்று மட்டும் மறக்கக் கூடாது, அனலாக்கில் பேசுவதை யார் வேண்டுமானாலும் ஒட்டுக்கேட்கலாம். நோயாளியின் பேரையும் ஊரையும் காற்றில் சொல்லவே கூடாது.

எப்போது இது சரி: மூன்று நான்கு வண்டிகள், ஓர் அடித்தள ஆஸ்பத்திரி, 24 மணி நேரமும் செட் முன் உட்கார ஓர் ஆள், ரிப்பீட்டர் வைக்க சொந்தமாக ஒரு குன்று. நான்கில் ஒன்று குறைந்தாலும் பணத்தை வேறு எதற்காவது செலவிடுங்கள்.

## சாட்டிலைட் போன்

இந்தியாவில் பிஎஸ்என்எல் வழியாகக் கிடைக்கும் இன்மர்சாட் போன்தான் உரிய அனுமதியோடு வைத்துக்கொள்ளக்கூடியது. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த துராயாவையோ இரிடியத்தையோ அனுமதியில்லாமல் வைத்திருந்தால் கைதாக நேரிடும். கருவியின் விலையும் நிமிடக் கட்டணமும் அதிகம். கையில் வைத்துப் பேசுவதற்கு வானம் தெரிய வேண்டும், அதாவது வண்டியை நிறுத்தி, வெளியே இறங்கி, ஆன்டெனாவை நீட்டிப் பேச வேண்டும். பின்னால் ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும்போது இஎம்டி அதைச் செய்ய முடியாது. எல்லா ரோடும் அடைபட்டு, எல்லா டவரும் விழுந்த நாளில் ஓர் ஊருக்கு ஒன்று இருந்தால் பெரிய உதவி. ஓடும் ஆம்புலன்ஸுக்கு இது வேண்டாம்.

ஆர்வலர்கள் உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காகப் பேசும் ஹாம் ரேடியோவையும் சொல்லிவிட வேண்டும். 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் குழுவினர் ஹாம் செட் வழியாகத்தான் அந்தமானின் செய்திகளை வெளியே கொண்டுவந்தார்கள். ஆனால் ஹாம் உரிமத்தை வைத்துக்கொண்டு அன்றாட ஆம்புலன்ஸ் சேவை நடத்த விதி இடம் கொடுக்காது. பேரிடர் நாளுக்கான துணை அது. உங்கள் ஊரில் உரிமம் உள்ள ஹாம் யார் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

## ஒரே பார்வையில்

| | செல்போன் | போன் வாக்கிடாக்கி | விஎச்எஃப் வயர்லெஸ் | சாட்டிலைட் போன் |
|---|---|---|---|---|
| காட் ரோட்டில் | விட்டு விட்டுக் கிடைக்கும் | செல்போனைவிட மோசம் | ரிப்பீட்டர் சரியான இடத்தில் இருந்தால் நல்லது | நிறுத்தி இறங்கினால் மட்டும் |
| டவர் விழுந்த நாளில் | பேசாது | பேசாது | பேசும் | பேசும் |
| இசிஜி படம் | அனுப்பலாம் | ஆப்பைப் பொறுத்தது | சாதாரண செட்டில் முடியாது | நடைமுறையில் முடியாது |
| உரிமம் | வேண்டாம் | வேண்டாம் | வேண்டும் | அனுமதி வேண்டும் |
| மறைந்த செலவு | இரண்டாவது சிம் | சந்தா, டேட்டா | பேட்டரி, பராமரிப்பு, ஆள் | நிமிடக் கட்டணம் |

## கோத்தகிரித் தம்பிக்கு

வயர்லெஸ் வாங்க வேண்டாம் தம்பி. உங்களுக்கு ஒரே வண்டி, மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், இந்தப் பக்கம் ஊட்டி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. இரண்டு சிம் போட்ட ஒரு நல்ல போன், வண்டியிலேயே சார்ஜர். மிச்சப் பணத்தில் இன்னொரு போன் வாங்கி, அனுமதி பெற்று, நீங்கள் அதிகம் போகும் ஆஸ்பத்திரியின் கேஷுவாலிட்டி மேசையில் வைத்துவிடுங்கள். அந்த எண் உங்கள் வண்டிக்கு மட்டும். அது அடித்தால் ஆம்புலன்ஸ் என்று சிஸ்டருக்குத் தெரிந்துவிடும். அமெரிக்காக்காரர்கள் எண் சுழற்றி மணியடித்த அதே வேலை, சில ஆயிரம் ரூபாயில். பெரிய கேஸ் என்றால் 108-க்கும் சொல்லுங்கள். "எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி" என்று போன் காட்டினால் வேறு நிறுவனத்தின் டவர் வழியாக 112-ஐக் கூப்பிட முடியும்.

பேசும் முறையையும் பழகிக்கொள்ளுங்கள். 20 விநாடிக்குள் இப்படி முடிய வேண்டும்: "சிஸ்டர், கோத்தகிரி ஆம்புலன்ஸ். பெண், 26 வயது. பிரசவம் முடிந்து ஒரு மணி நேரம், ரத்தப்போக்கு நிற்கவில்லை. பிபி 80/50, பல்ஸ் 130. ஆக்சிடோசின் போட்டாச்சு, இரண்டு லைன் ஓடுகிறது. 35 நிமிடத்தில் வருகிறோம். ரத்தம் வேண்டும்." அதை அவர் திருப்பிச் சொல்லக் கேளுங்கள். பிபி 80-ஐ 180 என்று எழுதிக்கொண்ட கேஸ் எனக்குத் தெரியும்.

## பந்தலூர் ஐயாவுக்கு

உங்களுக்கு வயர்லெஸ் சரி. தேவாலா, சேரம்பாடி, அய்யன்கொல்லிப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பெய்யும் மழையில் டவரை நம்ப முடியாது. உங்களிடம் வண்டிகள் இருக்கின்றன, குன்று இருக்கிறது, இரவு டியூட்டி சிஸ்டர் இருக்கிறார். ஆனால் உங்கள் நோயாளிகளில் பலர் சுல்தான் பத்தேரிக்கும் கோழிக்கோட்டுக்கும் போகிறார்கள். அந்த ஆஸ்பத்திரிகள் உங்கள் அலைவரிசையில் இல்லை. எனவே வண்டி உங்கள் ஆஸ்பத்திரியோடு வயர்லெஸ்ஸில் பேசும், உங்கள் ஆள் அங்கிருந்து போனில் கேரளத்து கேஷுவாலிட்டியைப் பிடித்து மலையாளத்தில் விவரம் சொல்லி, பதிலை வண்டிக்குத் திருப்பிச் சொல்வார். மெட் சேனல்களின் நடுவே உட்கார்ந்திருந்த அந்த ஒருங்கிணைப்பாளர் இங்கே உங்கள் டியூட்டி சிஸ்டர்தான். அவருக்குப் பயிற்சி கொடுங்கள். வார்டு வேலையோடு சேர்த்து இதையும் தலையில் கட்டாமல், அந்த நேரத்துக்கு மாற்று ஆள் போடுங்கள். வண்டி கேரளத்துக்குள் இறங்கியபின் உங்கள் ரிப்பீட்டர் எட்டாது, அங்கே போன்தான்.

உரிமம் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். இருவருமே இந்த வாரம் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது, செலவும் டீசல் மட்டும்தான். ஒரு மழை இரவில் நோயாளி இல்லாமல் வண்டியை எடுங்கள். பைலட் ஓட்டட்டும், பக்கத்தில் ஒருவர் இரண்டு சிம்மிலும் மாறி மாறிப் பேசிப் பார்த்து, எந்தக் கிலோமீட்டர் கல்லில் அறுபடுகிறது, எந்த வளைவில் திரும்பக் கிடைக்கிறது என்று நோட்டில் எழுதட்டும். அறுபடுவதற்கு முன்னால் கடைசியாகத் தெளிவாகப் பேச முடிந்த இடங்களைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டுங்கள். அந்தக் கல் வந்ததும் பைலட் பின்னால் திரும்பாமலே குரல் கொடுக்க வேண்டும்: "அண்ணே, இதுதான் கடைசி சிக்னல், இப்பவே பேசிடுங்க."